ஹெடரில் நின்றுவிட்ட எண்

ஜனவரி 21, செவ்வாய்

டயாலிசிஸ் மையத்திலிருந்து டாக்டர் கமாலுதீன் கூப்பிட்டு அனுப்பினார். சென்னையிலுள்ள பதிவகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. நோயாளியின் பதிவு எண் இதுவரை மையம் அனுப்பும் கோரிக்கைக்கு உள்ளே இருந்தது. பிப்ரவரி முதல் தேதியிலிருந்து அது ஹெடரில் வரவேண்டும். சர்வர் ஹெடரில் இருக்கும் எண்ணை மட்டுமே பார்த்து அன்றைய முறையை ஒதுக்கும். எண் இல்லாமல் வருகிற எதற்கும் பதில் கிடையாது.

டாக்டருக்குப் புரியவில்லை. ஆஸ்பத்திரியில் நோயாளியின் மணிக்கட்டில் பட்டை கட்டுகிறோமே, அதுதான் ஹெடர் என்றேன். அவர் வாயைத் திறந்து பெயர் சொல்ல வேண்டியதில்லை. பட்டையில் என்ன எழுதியிருக்கிறதோ அவர்தான் அவர்.

“உங்களால முடியுமா சார்? இல்ல, வேற யாரையாவது பாக்கவா?” என்றார். நல்லெண்ணத்தோடுதான் கேட்டார். எழுபத்து மூன்று வயதுக்காரனிடம் வேறு எப்படிக் கேட்பது? முடியும் என்றேன். வீட்டுக்கு வந்த பிறகு, முடியுமா என்று எனக்கே தெரியவில்லை.

மையத்திலிருந்து சென்னைக்குக் கோரிக்கை அனுப்பும் இந்த நிரலை நான் எழுதியது பல்கலைக்கழகக் கணினி மையத்திலிருந்து ஓய்வு பெற்ற ஆண்டில். சம்பளம் வாங்கவில்லை. அப்போது என் மனைவி எஸ்தருக்குச் சிறுநீரகம் நன்றாகத்தான் இருந்தது. அவளே பிறகு அந்த மையத்துக்கு நோயாளியாகப் போவாள் என்று யார் நினைத்தார்கள்? திங்கள், வியாழன், முதல் ஷிப்ட், நான்காம் கட்டில். நவம்பர் மழையில் அவள் போய்விட்டாள்.

ஜனவரி 22, புதன்

மழை இல்லை. தலைவலி. பழைய நிரலை வாசித்தேன். என் கையெழுத்தையே அடையாளம் தெரியாததுபோல் இருந்தது.

ஜனவரி 24, வெள்ளி

வேலை ஆரம்பித்தாயிற்று. சர்வரிடம் போய்க் கேட்டு வருகிற பகுதியை க்ளையன்ட் என்பார்கள். காலையில் ஒரு க்ளையன்ட்டை உண்டாக்கி, நாள் முழுவதும் எல்லா நோயாளிகளுக்கும் அதையே அனுப்பி வைக்கிறேன். ஹெடரை இரண்டு விதமாக வைக்கலாம் என்கிறது கையேடு. கோரிக்கையின்மேல் வைத்தால் அந்த ஒரு கோரிக்கையோடு போய்விடும். க்ளையன்ட்டின்மேல் வைத்தால், நாமாக மாற்றும்வரை அங்கேயே இருக்கும்.

இரண்டாவது வழிக்கு நிரலில் குறைவாகக் கைவைத்தால் போதும். பழைய சுவரில் ஆணி அடிக்க எனக்குப் பயம். ஒவ்வொரு நோயாளிக்கும் எண்ணை மாற்றத்தானே போகிறேன்? இரண்டாவது வழியையே எடுத்துக்கொண்டேன்.

மதியம் மையத்தில் டெக்னீஷியன் இசக்கியம்மாள் பிடித்துக்கொண்டாள். “சார், அம்மா நம்பரு இன்னும் தெறந்தே கெடக்கு. இறப்புன்னு போட்டு மூடணும்னு அன்னைக்கே சொன்னேன். நான் போடட்டுமா, நீங்க போடுதியளா?”

ஹெடர் வேலை முடிந்ததும் நானே போடுகிறேன் என்றேன்.

“பொங்கல் முடியட்டும்னிய. இப்ப ஹெடரு முடியட்டும்ங்கிய” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி, காப்பி குடிக்கியளா?” என்று பேச்சை மாற்றினாள்.

ஜனவரி 26, ஞாயிறு

ஆராதனைக்குக் கோவிலுக்குப் போகவில்லை. சாயங்காலம் பெங்களூரிலிருந்து மகள் பியூலா பேசினாள். ரேஷன் கார்டில் அம்மா பெயரை எடுத்தாயிற்றா என்று கேட்டாள். தாலுகா ஆபீஸில் கூட்டமாக இருக்கிறது என்றேன்.

“எந்த ஆபீஸ்லப்பா கூட்டம் இல்ல? நான் வந்து எடுத்துக் குடுக்கவா?”

வேண்டாம், அலையாதே என்றேன்.

ஜனவரி 28, செவ்வாய்

ஒரு சிக்கல். மையத்தில் காலையில் சுவிட்சைப் போட்டதும் கணினி விழித்துவிடுகிறது. இணைய ரூட்டர் விழிக்கச் சற்று நேரமாகும். அதனால் சில நாள்களில் முதல் கோரிக்கை தவறும். இது பழைய கதை. இதற்காகவே அன்று ஓர் ஏற்பாடு செய்திருந்தேன். கோரிக்கை தவறினால் நிரல் ஒரு சோதனைக் கேள்வியை அனுப்பிக்கொண்டே இருக்கும். அதற்குப் பதில் வந்ததும், தவறிய கோரிக்கையை மறுபடி அனுப்பும்.

இப்போது சோதனைக் கேள்விக்கும் ஹெடரில் எண் வேண்டும். யாருடைய எண்ணைப் போடுவது? உயிரோடு சிகிச்சைக்கு வருகிற ஒருவரின் எண்ணைச் சோதனைக்கு எடுப்பது மரியாதையில்லை. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் ஒன்றுதான்.

தற்காலிகமாக எஸ்தரின் எண்ணைப் போட்டிருக்கிறேன்.

உடனே பதில் வந்தது. ‘எஸ்தர் ஞானசிகாமணி. பதிவு நடப்பில் உள்ளது.’ எழுத்துகள் தெளிவாக இருந்தன. நிரல் சரியாக வேலை செய்கிறது என்பதற்கு இது நல்ல ஆதாரம்.

ஜனவரி 29, புதன்

சோதனையை மீண்டும் சிலமுறை ஓட்டினேன். பதில் ஒவ்வொரு முறையும் சரியாகவே வந்தது.

ஜனவரி 31, வெள்ளி

வீட்டுக் கணினியிலிருந்தும் சோதனையை ஓட்டிப் பார்க்க ஏற்பாடு செய்துகொண்டேன். அவசியமில்லைதான். நிரல் நாளையிலிருந்து ஓட வேண்டும். கவனமாக இருப்பதில் தவறில்லை.

பிப்ரவரி 1, சனி

புதிய முறை தொடங்கியது. எல்லாக் கோரிக்கைகளுக்கும் ‘ஏற்கப்பட்டது’ என்று பதில். டாக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சென்னையிலிருந்து காலைப் பட்டியல் வருவதற்குள் கிளம்பி வந்துவிட்டேன். எனக்குப் பாராட்டு ஒத்துக்கொள்வதில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

பிரமாச்சி என்று ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கலாம். கீழநத்தத்தில் பீடி சுற்றுகிறாள். டிசம்பரிலிருந்து எஸ்தரின் முறை அவளுக்குத்தான். அதே திங்கள், வியாழன், அதே கட்டில். இன்று அவள் வந்து படுத்த பிறகு, சென்னைப் பட்டியலில் அவள் பெயர் இல்லை என்று தெரிந்தது. பட்டியலில் பெயர் இருந்தால்தான் ரத்தத்தைச் சுத்தப்படுத்தும் அன்றைய வடிகட்டியை எடுக்க முடியும். கையிருப்பில் அவசரத்துக்கு வைத்திருந்த ஒன்றைக் கொண்டு டாக்டர் சமாளித்தார்.

“நம்ம பக்கம் ‘ஏற்கப்பட்டது’ன்னுதான் இருக்கு” என்றாள் இசக்கியம்மாள். “ஆனா லிஸ்டுல பிரமு பேரு இல்ல. அம்மா பேரு இருக்கு சார்.”

எஸ்தரின் எண்ணை இன்னும் மூடவில்லை, அதனால் அவள் பெயர் வந்திருக்கலாம் என்றேன். இரண்டும் வேறு வேறு விஷயங்கள்.

“சனிக்கெழமை லிஸ்டுல அம்மா பேரு வரலயே?”

சனிக்கிழமை அவள் முறை இல்லையே என்றேன். சொன்ன பிறகு, அந்தப் பதில் அவளுக்கா எனக்கா என்று விளங்கவில்லை. வெள்ளிக்கிழமை மையத்தில் ஜெனரேட்டர் பழுது பார்த்ததால் ராத்திரி முழுவதும் எதையும் அணைக்கவில்லை. அதனால் சனிக்கிழமை முதல் கோரிக்கை தவறவுமில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

வீட்டில் இருந்தேன். கிரைண்டர் பெல்ட் அறுந்துவிட்டது. கடையில் மாவு வாங்கினேன். புளித்திருந்தது.

பிப்ரவரி 6, வியாழன்

இன்றும் பிரமாச்சியின் பெயர் இல்லை. முதல் வரியில் எஸ்தரின் பெயர் இருந்தது.

கையிருப்பும் இல்லை. டாக்டர் நான்கைந்து இடங்களுக்குப் பேசி அவளை வேறோர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அவள் கணவன் ஆவுடையப்பன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். வாசலில் நின்று சத்தம் போட்டான். “காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு வாறோம். ஒங்க பொட்டியில பேரு இல்லன்னா எம்பொண்டாட்டி உசுரோட இல்லன்னு அர்த்தமா?”

நான் உள்ளறையில் இருந்தேன். வெளியே வரவில்லை. போய் நான் என்ன சொல்ல முடியும்?

நிரலின் பதிவுகளை எடுத்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன். கண் எரிச்சலாக இருந்தது. பார்க்கவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

இன்றும் பார்க்கவில்லை. சோதனையை மட்டும் ஒருமுறை ஓட்டினேன். பதிவு நடப்பில் உள்ளது.

பிப்ரவரி 8, சனி

சென்னை உதவி மையம் பதில் அனுப்பியிருக்கிறது. அவர்கள் பக்கம் தவறில்லையாம். மையத்திலிருந்து வந்த எண்ணே வேறாம். தட்டச்சு செய்பவரைக் கவனமாக இருக்கச் சொல்ல வேண்டுமாம்.

தட்டச்சு செய்பவள் இசக்கியம்மாள். டாக்டர் அவளைக் கூப்பிட்டுக் கேட்டார். கதவு திறந்தே இருந்தது. எல்லாம் என் காதில் விழுந்தது.

“பழைய பேஷண்ட் நம்பரை எடுத்துப் போட்டுட்டியாம்மா? கை பழக்கத்துல வந்திருமே.”

“டாக்டர், நாலு வருசமா அந்த அம்மாவுக்கு ஊசி போட்டவ நான். அவங்க செத்ததையும் நாந்தான் பாத்தேன். கைப்பழக்கத்துல போடுவனா?”

“அப்ப எப்படி வருது?”

“கம்ப்யூட்டரு பொய் சொல்லாதுங்கிய. அப்ப நான்தான் பொய் சொல்லுதேன். எழுதிக் குடுத்துட்டுப் போயிருதேன், போதுமா?”

வெளியே வரும்போது என்னைப் பார்த்தாள். “நீங்களாவது சொல்லுங்களேன் சார்” என்றாள். அழவில்லை. அவள் அழுகிற ஆளில்லை.

திங்கட்கிழமை பார்க்கிறேன் என்றேன்.

பிப்ரவரி 10, திங்கள்

வரிசையாக எழுத முயல்கிறேன்.

காலையில் பிரமாச்சியை ஆவுடையப்பன் தூக்கிக்கொண்டு வந்தான். வியாழக்கிழமை அந்த ஆஸ்பத்திரியில் பாதி நேரம்தான் மிஷின் கிடைத்ததாம். முகம் ஊதியிருந்தது. நுரையீரலில் நீர் கோத்து மூச்சுக்குத் திணறினாள். உட்கார்ந்தபடியேதான் மூச்சு விட முடிந்தது. அவளுடைய அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமானது. பட்டியலைப் பார்க்கக்கூட நிற்காமல் டாக்டர் ஆம்புலன்ஸில் ஏற்றித் தீவிர சிகிச்சைக்கு அனுப்பினார்.

அதன் பிறகு உட்கார்ந்து, வெளியே போகிற ஹெடரை ஒவ்வொன்றாகக் காட்டும்படி நிரலில் ஒரு வரி சேர்த்தேன். ரூட்டரை அணைத்துவிட்டு, முதல் கோரிக்கையை மட்டும் ஓட்டினேன்.

க்ளையன்ட்டின்மேல் பிரமாச்சியின் எண் வைக்கப்பட்டது. அனுப்பியது. இணைப்பு இல்லை, தவறியது. சோதனைக் கேள்வி புறப்பட்டது. அதற்காக அதே க்ளையன்ட்டின்மேல் எஸ்தரின் எண் வைக்கப்பட்டது. ரூட்டரைப் போட்டேன். பதில் வந்தது. தவறிய கோரிக்கை மறுபடி போயிற்று. எண்தான் முன்பே வைத்தாயிற்றே என்று, மறுபடி அனுப்பும் இடத்தில் நான் எதுவும் எழுதவில்லை. பிரமாச்சியின் கோரிக்கை எஸ்தரின் எண்ணோடு போயிற்று. சென்னை அதை எஸ்தருக்குக் கொடுத்தது. ‘ஏற்கப்பட்டது.’

அடுத்த நோயாளிக்கு எண் மாறிவிடும். அதனால் மற்ற எவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முதல் ஷிப்டில் முதல் பெயருக்கு மட்டும்தான். மற்ற நாள்களின் முதல் பெயர்களுக்கும் ஆகியிருக்க வேண்டுமே என்று பார்த்தேன். திங்களும் வியாழனும்தான் மையம் அதிகாலையில் திறக்கிறது. மற்ற நாள்களில் காவலாளி வந்து முன்கூட்டியே எல்லாவற்றையும் போட்டுவிடுகிறான்.

ஹெடரைக் கோரிக்கையின்மேல் வைத்திருந்தால் இது நடந்திருக்காது. கையேட்டில் அந்த வரியை நான் வாசித்தேன். வாசித்தேன் என்பதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

டாக்டரிடம் சொன்னேன். இசக்கியம்மாளையும் கூப்பிடச் சொன்னேன்.

“நீங்க எங்களுக்குச் சும்மா செஞ்சு குடுத்தீங்க சார். உங்கள நான் என்ன சொல்ல முடியும்?” என்றார் டாக்டர். திட்டியிருக்கலாம்.

இசக்கியம்மாள் சுவரில் சாய்ந்து நின்றாள். “அம்மா நம்பர எடுங்க, எடுங்கன்னு எத்தன வாட்டி சொன்னேன்” என்றாள். சற்றுப் பொறுத்து, “அந்த நம்பரப் போட்டா அம்மா பேரு வருமா சார், ஸ்க்ரீன்ல?” என்று கேட்டாள்.

வரும் என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுக் கட்டில்கள் பக்கம் போனாள்.

பிப்ரவரி 12, புதன்

ஹெடர்கள் எல்லாவற்றையும் கோரிக்கையின்மேல் மாற்றிவிட்டேன். ஒவ்வொன்றும் தனக்குரிய எண்ணோடு போய், அதோடு முடிந்துவிடும். ரூட்டரை அணைத்து அணைத்துப் பலமுறை பார்த்தேன். சோதனைக்குப் பொது எண் ஒன்று கேட்டு வாங்கினேன். கேட்டதும் சென்னைக்காரர்கள் கொடுத்துவிட்டார்கள். முன்பே கேட்டிருக்கலாம்.

பிறகு எஸ்தரின் பக்கத்தைத் திறந்து, ‘இறப்பு’ என்ற இடத்தில் தேதியைப் போட்டேன். ‘உறுதியாகவா?’ என்று கேட்டது. இப்படிக் கேட்கும்படி நிரலை எழுதியவனும் நான்தான்.

பிப்ரவரி 13, வியாழன்

பட்டியலில் முதல் பெயர் பிரமாச்சி. நான்காம் கட்டில் தயாராக இருந்தது. பிரமாச்சி வரவில்லை.

நேற்றே ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போய்விட்டாளாம். இசக்கியம்மாள் போனில் பேசினாள். பேசிவிட்டு என்னைப் பார்க்காமல் சொன்னாள். “நான்தான் சார் வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருக்கல. தப்பு சரியாப் போச்சுன்னு நேத்துச் சொல்லப் போயி, அம்மா பேருலதான் போயிட்டிருந்துச்சுன்னும் சொல்லிட்டேன். இப்ப அந்தக் கட்டில்ல படுக்க மாட்டேங்கா. செத்த பொம்பள எடத்த விட மாட்டேங்கா, நான் போயி எப்படிப் படுப்பேன்ங்கா.”

வேறு கட்டில் இல்லை. எல்லாம் நிறைந்திருக்கின்றன. திங்கட்கிழமையும் வராவிட்டால் மறுபடி மூச்சு முட்டும், இந்த முறை தாங்கமாட்டாள் என்றார் டாக்டர்.

“நீங்க போய்ச் சொன்னா கேப்பாளோ?” என்றாள் இசக்கியம்மாள்.

எனக்கு அப்படியெல்லாம் பேச வராது என்றேன். அது உண்மை.

பிப்ரவரி 14, வெள்ளி

போனேன்.

கீழநத்தம் பஸ்ஸிலிருந்து இறங்கி, திரும்பிப் போகிற பஸ் எப்போது என்று முதலில் விசாரித்தேன். பிறகு வீட்டை விசாரித்தேன். பிரமாச்சி சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்து, மடியில் முறத்தோடு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். விரல்கள் வீங்கி, இலை அடிக்கடி நழுவியது. ஆவுடையப்பன் வாசலிலேயே மறித்தான்.

“நீங்கதான் அந்தப் பொட்டிய எழுதுன சாரா?”

ஆமாம் என்றேன்.

“எதுக்கு வந்திய? உசுரு இருக்கான்னு பாக்கவா?”

“உள்ள விடுங்க. பெரிய மனுசரு வெயில்ல நிக்காரு” என்றாள் பிரமாச்சி. அதைச் சொல்வதற்கே அவளுக்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது.

உட்கார்ந்தேன். ஹெடர் என்றால் என்ன என்று தொடங்கினேன். க்ளையன்ட்டின்மேல் வைப்பது, கோரிக்கையின்மேல் வைப்பது, மறுபடி அனுப்புவது என்று வரிசையாகச் சொன்னேன். மணிக்கட்டுப் பட்டையையும் சொன்னேன். இருவரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எனக்கு அதெல்லாம் வெளங்காது சார்” என்றாள் பிரமாச்சி. “ஒங்க வீட்டம்மா அங்க படுத்திருந்தாங்க. செத்துட்டாங்க. எனக்கு அந்த எடத்தக் குடுத்தாங்க. இந்த மாசம் எம்பேரு விழல, அவங்க பேருதான் விழுது. அவங்க விடலன்னுதான அர்த்தம்? நான் அவங்களக் கொற சொல்லல. எனக்குன்னா நானும் விட மாட்டேன்.”

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். சொல்ல வேண்டியது என்ன என்று எனக்குத் தெரிந்திருந்தது. இங்கே இத்தனை பக்கங்களில் அதை எழுதாமலே வந்திருக்கிறேன்.

“அவ விட்டுட்டும்மா. நவம்பர் மாசமே விட்டுட்டுப் போயிட்டா. நான்தான் விடல.”

அவள் சுற்றுவதை நிறுத்தினாள்.

“அவ நம்பரப் போட்டா, அவ பேரு வரும். நடப்பில் உள்ளதுன்னு வரும். அதப் பாக்கறதுக்காகவே போட்டுப் போட்டுப் பாத்தேன். சோதனைக்குன்னு சொல்லிக்கிட்டேன். மூடச் சொன்னாங்க, மூடல. அந்த எடத்துல நீ படுத்திருக்கன்னு தெரியும். தெரிஞ்சும் நாலு நாள் எடுத்துப் பாக்காம இருந்தேன். உன் மூச்சு முட்டுனதுக்கு எஸ்தர் காரணமில்ல.”

ஆவுடையப்பன் எழுந்தான். அடிக்கப்போகிறான் என்று நினைத்தேன். அவன் வெளியே போய் முற்றத்தில் நின்றுகொண்டான்.

பிரமாச்சி முறத்தைக் கீழே வைத்தாள். வைவாள் என்று காத்திருந்தேன்.

“அந்தக் கட்டில்ல அவங்களுக்கும் குளிருமா சார்?” என்று கேட்டாள்.

“குளிரும். மிஷின் ஓட ஆரம்பிச்சதும் பல்லு கிட்டிரும்.”

“எனக்கும் அப்படித்தான். சொன்னா எல்லாரும் ஃபேன்தான்னு சொல்லுதாவ.”

“ஃபேன் இல்ல. ரத்தம் வெளிய போயிட்டுத் திரும்பி வருதில்லா, அதான்.”

“அத யாரும் எங்கிட்ட சொல்லல” என்றாள்.

அதற்குள் ஆவுடையப்பன் திரும்பி வந்து கதவருகில் நின்றான். “அந்த நம்பர இப்ப எடுத்தாச்சா?” என்றான்.

“எடுத்தாச்சு.”

“திரும்பப் போட முடியுமா?”

“முடியாது. இறப்புன்னு போட்டா, அந்த நம்பர் திரும்ப வராது.”

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “பஸ்ஸு இன்னும் அர மணி நேரம் ஆவும். இருங்க” என்றான். மன்னித்தான் என்று நான் எழுதமாட்டேன்.

வருவதாகப் பிரமாச்சி வாக்குக் கொடுக்கவில்லை. முறத்தை மறுபடி இழுத்துக்கொண்டாள்.

பிப்ரவரி 15, சனி

காய்ச்சல்போல் இருக்கிறது. எதுவும் செய்யவில்லை. வீட்டுக் கணினியிலிருந்து சோதனை நிரலை நீக்கினேன். அது ஒன்றைத்தான் செய்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பியூலா பேசினாள். நடந்ததைச் சொல்லத் தொடங்கினேன். பாதியில், “அப்பா, நீங்க நல்லா இருக்கீங்களா?” என்றாள். இல்லை என்றேன். இதுவரை அவளிடம் நான் இப்படிச் சொன்னதில்லை. அவள் அடுத்த வாரம் வருகிறாள்.

பிப்ரவரி 17, திங்கள்

இசக்கியம்மாள் வருவதற்கு முன்பே மையத்துக்குப் போய் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். லோடு ஆட்டோ வந்தது. பின்னால் சரக்குத் தட்டில் விரித்த மெத்தையில் பிரமாச்சி படுத்திருந்தாள்.

உள்ளே வந்தவள் கட்டிலுக்குப் போகாமல் கணினிக்கு முன்னால் நின்றாள். “எம்பேரு எங்க இருக்கு, காட்டுங்க” என்றாள். காட்டினேன். எழுத்துக் கூட்டி வாசித்தாள். இன்னொருமுறை வாசித்தாள். பிறகு இசக்கியம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டு நான்காம் கட்டிலில் ஏறிப் படுத்தாள்.

“போர்வைய இழுத்து மூடுங்கக்கா. ஃபேன் இல்லயாம், ரத்தமாம்” என்று அவள் சொல்வது கேட்டது.

மிஷின் ஓடத் தொடங்கிய பிறகு, பட்டியலைக் கடைசிப் பெயர் வரை வாசித்தேன். எஸ்தர் இல்லை.

சரியாக இருக்கிறது.